பேசினால் பிழைக்குமா பிள்ளை?

சந்திரகிரியில் பஸ் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டரில் திருப்பதி. அங்கே ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மகப்பேறு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் என்ற உயர்சிகிச்சை மருத்துவமனையும் இருக்கின்றன. அதற்கும் மேல் பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் சித்தூரைத் தாண்டி வேலூர் சி.எம்.சி. இருக்கவே இருக்கிறது. போன் போட்டால் 108 வண்டி வந்து நிற்கும். அந்த வண்டி 2005இல் முதன்முதலில் ஓடத் தொடங்கியதே ஒருங்கிணைந்த ஆந்திரத்தில்தான். செலவுக்கு, 2007இல் ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு.

மாநிலம் முழுக்கவே நிலைமை மோசமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் நூற்றுக்கு 96 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பின் இன்னொரு பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை.

இந்த இரண்டு எண்களும் எப்படி ஒரே ஊரில் குடியிருக்கின்றன? சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. கொடுக்க அங்கன்வாடியும் ஆஷா ஊழியரும் இருக்கிறார்கள். அப்படியும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு ரத்தம் குறைவு. அந்த ஆறு பேர் யார் என்று தேடிப் போனால், பாதை பெரும்பாலும் ஊரின் ஓரத்துக்கே கொண்டுபோய் விடுகிறது: கூலி வேலைக்காரர் தெருவுக்கு, மலையடிவாரத்து யானாதிப் பழங்குடிக் குடிசைகளுக்கு, சுகாலிப் பழங்குடிக் குடியிருப்புகளான தாண்டாக்களுக்கு.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் உடம்பு ஏன் தேறவில்லை என்பது பலரும் கேட்கும் கேள்வி. அதற்கு விடை தேடியவர்களுக்கு எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு துப்பு கிடைத்தது. ஜார்க்கண்ட், ஒடிசா மலைக் கிராமங்களில் புது மருந்து இல்லாமல், புது ஆஸ்பத்திரி கட்டாமல், பச்சிளங்குழந்தைகளின் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அங்கே புதிதாக நடந்தது ஒன்றுதான். பெண்கள் மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்து பேசினார்கள்.

மூன்று தாமதங்கள்

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள், பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்ற கேள்விக்கு எளிமையான ஒரு சட்டகம் கொடுத்தார்கள். ஆபத்து தொடங்கியதற்கும் சிகிச்சை கிடைப்பதற்கும் நடுவே மூன்று தாமதங்கள் உண்டு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் வருவது முதல் தாமதம். போய்ச் சேர்வதில் வருவது இரண்டாவது. போன இடத்தில் கவனிக்கப்படுவதில் வருவது மூன்றாவது.

சாலையும் 108ம் இரண்டாவது தாமதத்தைக் குறைக்கின்றன. மருத்துவரும் ரத்த வங்கியும் மூன்றாவதைக் குறைக்கின்றன. முதல் தாமதமோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாமியார் என்ன சொல்வார், கையில் காசு இருக்கிறதா, போனால் ஆட்டை யார் மேய்ப்பது, போன தடவை அங்கே நர்ஸ் விரட்டியது மறந்துபோகுமா என்பதெல்லாம் அங்கே கூடிக் கிடக்கும். இதைத் தீர்க்கிற எந்திரம் எதுவும் சந்தையில் இல்லை.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல சிகிச்சை எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். 2000இல் பிரேசிலின் சேசர் விக்டோராவும் உடன் ஆய்வாளர்களும் அதை இன்னும் ஒரு படி நீட்டினார்கள். எந்தப் புதுச் சுகாதாரத் திட்டம் வந்தாலும் முதலில் வசதியுள்ளவர்களே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏழைகள் பிந்தி வருவதால், கொஞ்ச காலத்துக்கு இடைவெளி கூடிவிடவும் செய்கிறது.

பிறந்த இடமும் சாதியும் கையிருப்பும் ஒருவர் ஆயுளைத் தீர்மானிக்காதபடி செய்வதை இந்த அத்தியாயம் 'நலச் சமநீதி' என்று அழைக்கும். ஓர் ஊர் தன் சிக்கலைத் தானே கண்டு, தானே திட்டமிட்டு, தானே செய்து பார்க்கும் வலுவை 'ஊர்த்திறன்' என்று அழைக்கும். இரண்டாவதை வளர்த்தால் முதலாவது கிட்டுமா என்பதுதான் சோதிக்க வேண்டியது.

வேலூரில் படித்த இருவர்

இந்த யோசனைக்கு இந்தியாவில் ஒரு முன்கதை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடில் வேலையைத் தொடங்கினார்கள். கிராமத்தாரே தங்களுக்குள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும், அவரைப் பயிற்றுவித்து ஊர்ச் சுகாதார ஊழியராக்குவது என்பது ஏற்பாடு. வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தலித் பெண்கள். பிரசவம் பார்ப்பது, குழந்தையை எடைபோடுவது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரை நீர் கலக்குவது என்று அவர்கள் கற்றுக்கொண்டது ஏராளம். குழந்தை இறப்பு அங்கே பெருமளவு குறைந்தது. 1979இல் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஜாம்கேடைப் பார்க்க உலகமே வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. இரண்டு அபூர்வமான மருத்துவர்கள் ஒரே இடத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்தால் எதுவும் மாறும்தானே? ஊர் பேசியதால் மாறியதா, ஆரோலே தம்பதி இருந்ததால் மாறியதா? இதைப் பிரித்துச் சொல்ல ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை தேவைப்பட்டது.

அதற்கான வழிமுறை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பொலிவியாவின் மலைப்பகுதியான இன்கிசிவியில் 1990களின் தொடக்கத்தில் 'வார்மி' என்ற திட்டம் பெண்களைக் கூட்டிப் பேசவைத்தது. பிறப்பையொட்டிய இறப்பு ஆயிரத்துக்கு 117 என்ற அளவிலிருந்து சுமார் 44 ஆக இறங்கியது. ஆனால் அங்கே ஒப்பிட வேறு ஊர்கள் இல்லை. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் முறையான ஒப்பீட்டோடு அதைச் செய்து பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவுப்படி பச்சிளங்குழந்தை இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. உலகம் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

ஏக்ஜூட் செய்த சோதனை

பிரசாந்த திரிபாதி, நிர்மலா நாயர் ஆகியோர் ஜார்க்கண்டில் நிறுவிய தன்னார்வ அமைப்பு ஏக்ஜூட். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் மூன்று மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஜார்க்கண்டில் மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சாவான், ஒடிசாவில் கேந்துஜர். ஹோ, சந்தால், முண்டா, ஜுவாங் போன்ற பழங்குடிகள் நிறைந்த பகுதி. பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன.

சுமார் 2,28,000 மக்கள் வாழும் பகுதியை 36 தொகுதிகளாகப் பிரித்தார்கள். எந்தத் தொகுதியில் பெண்கள் கூட்டம் நடக்கும், எதில் நடக்காது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அரசியல்வாதியின் சொந்த ஊர், சாலை வசதியுள்ள ஊர் என்ற சலுகை எதற்கும் இடமில்லை. ஒரே மண், ஒரே மழை உள்ள வயலில் பாதிக்கு மட்டும் உரம் போட்டுப் பார்ப்பது போலத்தான். இரு பக்கமும் விளைச்சல் வேறுபட்டால் காரணம் உரமே.

ஒப்பீட்டுத் தொகுதிகளை அம்போவென்று விட்டுவிடவும் இல்லை. சுகாதாரக் குழு அமைப்பது போன்ற பொதுவான வேலைகள் இரண்டு பக்கமும் நடந்தன. 18 தொகுதிகளில் மட்டும் கூடுதலாக 244 பெண்கள் குழுக்கள். பல ஏற்கெனவே சேமிப்புக்காகக் கூடிக்கொண்டிருந்தவை, மற்றவை புதியவை. 468 பேருக்கு ஒரு குழு என்ற கணக்கு. குழுக்களைக் கூட்டி நடத்தியவர் அதே பகுதியைச் சேர்ந்த பெண். அவர் நர்ஸ் அல்ல, ஊசி போடத் தெரிந்தவரும் அல்ல. கேள்வி கேட்கவும் எல்லோரையும் பேசவைக்கவும் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். மாதத்துக்கு ஏறக்குறைய 13 குழுக்களை அவர் சுற்றிவர வேண்டும்.

2005 ஜூலை இறுதியிலிருந்து 2008 ஜூலை வரை மூன்று ஆண்டுகள், இரு பக்கத்துப் பிறப்புகளும் இறப்புகளும் ஒன்றுவிடாமல் பதிவாயின. மொத்தம் 19,030 பிறப்புகள்.

இருபது கூட்டங்கள்

கூட்டம் என்றதும் ஒருவர் மைக்கில் பேச மற்றவர்கள் கொட்டாவி விடும் காட்சி நினைவுக்கு வரலாம். இங்கே நடந்தது வேறு. இருபது கூட்டங்கள் நான்கு கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

முதல் கட்டத்தில் சிக்கலைக் கண்டுபிடிப்பது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அதற்குப் பிறகும் நேரும் ஆபத்துகளைக் காட்டும் படச்சீட்டுகளைத் தரையில் பரப்புவார்கள். இது நம் ஊரில் நடந்ததுண்டா என்று கேட்பார்கள். எது முக்கியம் என்பதைப் பெண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். படிக்கத் தெரியவேண்டியதில்லை. முன்வரிசை, பின்வரிசை என்றும் இல்லை.

அடுத்தது கதை. பெயர் மாற்றிய ஓர் ஊரில், ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ நேர்ந்ததைச் சொல்லிவிட்டு 'ஆனால் ஏன்?' என்ற விளையாட்டைத் தொடங்குவார்கள். அது எப்படி ஓடும் என்பதற்கு ஒரு மாதிரி:

குழந்தை ஒன்பதாம் நாள் இறந்தது. ஏன்? காய்ச்சல் வந்து பால் குடிக்கவில்லை. ஆனால் ஏன் காய்ச்சல்? தொப்புளில் சீழ் வைத்திருந்தது. ஆனால் ஏன் சீழ்? கொடியை அறுத்த பிளேடு பழையது, கட்டிய நூல் வெந்நீரில் போடாதது. ஆனால் ஏன் புது பிளேடு இல்லை? வலி ராத்திரியில் வந்தது, வாங்கி வைத்திருக்கவில்லை. ஆனால் ஏன் வாங்கி வைக்கவில்லை? பிரசவத்துக்கு முன்பே சாமான் சேர்த்து வைப்பது ஆகாது என்று வீட்டில் சொன்னார்கள். சரி, பால் குடிக்காததைப் பார்த்ததும் ஏன் தூக்கிக்கொண்டு ஓடவில்லை? கணவர் ஊரில் இல்லை, கையில் பணமில்லை, வண்டிக்காரர் வரமாட்டேன் என்றார்.

மருத்துவர் இறப்புச் சான்றிதழில் எழுதுவது ஒரு சொல்: கிருமித் தொற்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பிளேடும் நம்பிக்கையும் பணமும் வண்டியும் வரிசையாக நிற்பதை இருபது பெண்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதில் எந்தக் கண்ணியை அறுப்பது நம்மால் முடியும் என்பது இரண்டாம் கட்டப் பேச்சு. அவசரத்துக்கு ஒரு பொதுநிதி, சுத்தமான பிரசவச் சாமான் பொட்டலம், வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு என்று குழுவுக்குக் குழு திட்டம் மாறும். ஊர்ப் பொதுக்கூட்டம் போட்டு ஆண்களிடமும் பெரியவர்களிடமும் அதைச் சொல்வார்கள். மூன்றாம் கட்டம் செய்து பார்ப்பது. நான்காம் கட்டம், செய்தது பலித்ததா என்று தாங்களே மதிப்பிடுவது.

எண்கள் சொன்னது

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 நாளுக்குள் இறப்பவர் எத்தனை என்பதுதான் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம். முதல் ஆண்டில் கூட்டம் நடந்த தொகுதிகளில் அது 55.6, நடக்காத தொகுதிகளில் 53.4. வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கூட்டங்கள் அப்போதுதான் சிக்கலைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாம் ஆண்டில் கூட்டம் நடந்த பக்கம் 37.1 ஆக இறங்கியது. மறுபக்கம் 59.6. மூன்றாம் ஆண்டில் 36.3க்கு எதிரே 64.3. ஆயிரம் பிறப்புக்கு 28 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்திருக்கின்றன. தொடக்க நிலை வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டால், பிந்தைய இரண்டு ஆண்டுகளில் 45 விழுக்காடு குறைவு. மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் 32 விழுக்காடு. 2010இல் 'லான்செட்' இதழில் இந்த முடிவு வெளியானது.

எப்படி நடந்தது? பெண்கள் சாரிசாரியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியதுதான் காரணமாக இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். அந்தத் தடயம் பெரிதாகத் தென்படவில்லை. மாற்றம் வீட்டுக்குள் நடந்திருந்தது. பிரசவம் பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கீழே பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. கொடியைக் கட்டும் நூல் கொதிநீரில் போடப்பட்டது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் புகட்டாத வீடுகள் கூடின. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றும் மாமியாரும் மருத்துவச்சியும் அக்கம்பக்கமும் ஒத்துக்கொண்டால் மட்டுமே நடக்கக்கூடிய விஷயம்.

எதிர்பாராத இன்னொரு பலனும் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில், பிரசவித்த பெண்களிடையே நடுத்தர அளவு மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. மனநலத்துக்காக அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை.

சமநீதிக் கணக்கு பிறகு வந்தது. நிலமும் படிப்பும் இல்லாத, மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களையும் ஓரளவு வசதியுள்ளவற்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, இறப்பு இரண்டிலும் குறைந்திருந்தது. கடைநிலைக் குடும்பங்களில்தான் அதிகமாகக் குறைந்திருந்தது. புதுத் திட்டம் எதுவானாலும் வசதியுள்ளவருக்கே முதலில் போகும் என்ற விக்டோராவின் விதி இங்கே தலைகீழானது. கூட்டத்துக்குச் சந்தா இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். 

எத்தனை பேர் உட்கார்ந்தால் போதும்?

அதே 'லான்செட்' இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது. வங்கதேசத்தில் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். இறப்பு குறையவில்லை.

ஒரே மருந்து ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் தோற்றால் மருத்துவர் முதலில் கேட்பது அளவைத்தான். ஏக்ஜூட்டில் 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. ஏக்ஜூட்டில் புதிதாகக் கருவுற்ற பெண்களில் கூட்டத்துக்கு வந்தவர்கள் முதல் ஆண்டில் 18 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 55. வங்கதேசத்தில் அது மிகச் சொற்பம். குழுக்களைப் பெருக்கி, 309 பேருக்கு ஒன்று என்று மாற்றி மறுபடி சோதித்தபோது அங்கேயும் இறப்பு 38 விழுக்காடு இறங்கியது.

2013இல் நேபாளம், இந்தியா, வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு சோதனைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். சுமார் 1,19,000 பிறப்புகள். கருவுற்ற பெண்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர் வந்த இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 33 விழுக்காடும் தாய் இறப்பு 55 விழுக்காடும் குறைந்திருந்தன. எல்லோரும் வரவேண்டியதில்லை. மூன்றில் ஒருவர் வந்தால், மீதி இருவருக்கும் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை அதிகாரபூர்வமாகப் பரிந்துரைத்தது.

சந்திரகிரியில் இருப்பதும் இல்லாததும்

ஜார்க்கண்டில் குழுக்களில் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. சந்திரகிரிப் பக்கம் அவை ஊர்தோறும் நிறைந்திருக்கின்றன. 'ட்வாக்ரா' என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். 1982இல் மத்திய அரசு தொடங்கிய மகளிர் திட்டத்தின் சுருக்கப்பெயர் அது. திட்டம் பெயர் மாறி எங்கோ போய்விட்டாலும் மக்கள் வாயில் பெயர் நின்றுவிட்டது. 1995 முதல் 2004 வரை முதலமைச்சராக இருந்து இந்தக் குழுக்களைப் பெருக்கிய சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிப்பள்ளி இதே சந்திரகிரி மண்டலத்தில்தான் இருக்கிறது. 2000இல் உலக வங்கி உதவியோடு வறுமை ஒழிப்புத் திட்டம் ஆறு மாவட்டங்களில் தொடங்கியபோது சித்தூரும் அவற்றில் ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் தர்மபுரியில் 1989இலேயே மகளிர் குழுக்கள் முளைத்திருந்தன.

ஒரு வேலைக்காகக் கூடியவர்கள் இன்னொரு வேலையையும் செய்துவிடுவார்கள் என்பதற்குப் பக்கத்து நெல்லூர் மாவட்டமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கத்தின் மாலை வகுப்புகளில் பெண்கள் எழுத்துக் கூட்டப் பழகினார்கள். குடியால் சீரழியும் குடும்பத்தைப் பற்றிய பாடம் பேச்சைக் கிளப்பியது. 1992இல் தூபகுண்டா என்ற ஊரின் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் சித்தூர் உள்படப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1993 அக்டோபரில் மாநில அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டில் தளர்த்தப்பட்டது வேறு கதை. எந்தச் சுகாதாரத் துறையும் திட்டமிடாத ஒரு சுகாதார நடவடிக்கை, அரிச்சுவடி வகுப்பிலிருந்து எழுந்தது.

ஆகவே பாத்திரம் இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. சேமிப்புக் குழுவின் கூட்டம் பெரும்பாலும் தவணை வசூல், வங்கிக் கடன், கையெழுத்து என்று முடிந்துவிடும். மாதாமாதம் சேமிப்புப் போட முடியாத பெண்ணுக்குக் குழுவில் இடமும் இருக்காது. ரத்தசோகை அதிகம் இருக்கக்கூடியவர் அவர்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் 'ஆனால் ஏன்?' விளையாடினால் என்ன வெளிவரும்? மாத்திரை கொடுத்தார்கள், ஏன் சாப்பிடவில்லை? குமட்டியது, மலம் கறுப்பாகப் போனதில் பயந்துவிட்டேன். இரும்புச்சத்து மாத்திரைக்கு அது வழக்கம்தான் என்று ஏற்கெனவே சாப்பிட்ட பெண்ணொருவர் சொன்னால் பயம் அங்கேயே தீரும். சாப்பிட்டவருக்கும் ஏன் ஏறவில்லை? டீயோடு விழுங்கினார். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது; எலுமிச்சையும் நெல்லிக்காயும் உறிஞ்ச உதவும். வெறுங்காலோடு வெளியே போவதால் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடிக்கிறதா? அடுத்தடுத்த பிரசவமா? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் தின்கிறாரா? ராகிச் சங்கட்டி இருந்த தட்டில் இப்போது ரேஷன் அரிசி மட்டும்தானா?

இவற்றில் பாதிக்கு விடை ஊரிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு மண்டல அலுவலகத்தின் கதவைத் தட்டவேண்டும். எந்தப் பாதி எது என்பது கூட்டத்தில்தான் தெளிவாகும்.

கூட்டத்தை நடத்த ஆள்? ஏக்ஜூட்டின் இரண்டாவது சோதனை இந்தக் கேள்விக்கே. தனியாக ஒருவரை வைக்காமல், அரசின் ஆஷா ஊழியர்களையே நடத்தவைத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: பச்சிளங்குழந்தை இறப்பு 31 விழுக்காடு குறைவு. ஜார்க்கண்ட் அரசு பின்னர் இம்முறையை மாநிலத்தில் பெரிய அளவில் விரித்தது.

பேச்சு எட்டாத இடம்

இதே ஏக்ஜூட் குழுவினர் வளர்ச்சிக் குறைவையும் இப்படியே வெல்ல முடியுமா என்று பார்த்தார்கள். பெண்கள் கூட்டத்தோடு வீடு தேடிச் செல்லும் ஊழியரையும் சேர்த்தார்கள். 2017இல் வந்த முடிவின்படி குழந்தைகளின் உயரம் கூடவில்லை. சிசு இறப்பு குறைந்தது. எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் சற்றுக் குறைந்தது. உயரம் மட்டும் அசையவில்லை. உயரத்துக்குப் பல ஆண்டுகள் தட்டில் பருப்பும் முட்டையும் பாலும் விழவேண்டும். பேசிப் பேசிப் பிளேடைச் சுத்தமாக்கலாம். கூலியைக் கூட்டுவதற்குப் பேச்சு மட்டும் போதாது.

ஆஸ்பத்திரிக்கு மாற்றாகவும் இதைக் காட்ட முடியாது. ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு வேண்டியது ரத்தமும் மயக்க மருந்து நிபுணரும். ஊரே பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அரசு கையைக் கழுவ இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. இன்னொரு சுமையும் கவனிக்கவேண்டியது. கூட்டத்துக்கு வரும் நேரம் யாருடையது? விறகும் தண்ணீரும் சமையலும் கூலியும் பார்த்த பிறகு மிஞ்சும் நேரத்தைத்தான் பெண்கள் கொடுக்கிறார்கள். நடத்தும் ஆஷா ஊழியருக்கோ கிடைப்பது மதிப்பூதியம், சம்பளமல்ல.

சர்க்கரைக்கும் இதே வழியா?

சந்திரகிரி வட்டாரத்தின் இன்றைய பெரிய கவலைகள் தொப்புள் சீழிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கூலி வேலை செய்பவரையும் விடவில்லை. இதற்குக் கூட்டம் உதவுமா என்பதை வங்கதேசத்தின் பரீத்பூர் மாவட்டத்தில் 96 கிராமங்களில் சோதித்தார்கள்.

கிராமங்களை மூன்று பங்காக்கினார்கள். ஒரு பங்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே மாதக் கூட்டம், 18 மாதங்கள். இன்னொரு பங்கில் செல்பேசிக்குத் தொடர்ந்து குரல் செய்திகள்: இதைச் சாப்பிடுங்கள், நடங்கள், பரிசோதியுங்கள். மூன்றாவது ஒப்பீட்டுக்கு. 2019இல் முடிவு வந்தது. சர்க்கரை பற்றிய அறிவு கூட்டத்திலும் கூடியது, செல்பேசியிலும் கூடியது. ஆனால் கூட்டம் நடந்த ஊர்களில்தான் சர்க்கரை நோயும் அதற்கு முந்தைய நிலையும் உள்ளவர்களின் பங்கு, ஒப்பீட்டு ஊர்களைவிட சுமார் 20 விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. செல்பேசி ஊர்களில் வேறுபாடே இல்லை.

செய்தி இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் அது காதில் விழுந்தது. மறுபக்கம், காலையில் நடக்கப் போகும் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் முதற்கொண்டு பேசித் தீர்க்கப்பட்டது. பத்துப் பேர் சேர்ந்து நடந்தார்கள்.

இதை அப்படியே சந்திரகிரிக்குக் கொண்டுவருவதில் ஒரு நடைமுறைத் தடை உண்டு. பரீத்பூரில் ஆண்களுக்கும் குழு இருந்தது. இங்கே ட்வாக்ரா முழுக்கப் பெண்களுடையது. சர்க்கரை வந்த நாற்பது வயது ஆட்டோ ஓட்டுநரையும் கடலை விவசாயியையும் மாதம் ஒருமுறை எங்கே உட்காரவைப்பது? காலையும் மாலையும் ஊர் கூடும் பால் கொள்முதல் நிலையத்திலா, ஆட்டோ நிறுத்தத்திலா, ரேஷன் கடையிலா? அடுத்த சோதனையை இங்கே நடத்துபவர்கள் முதலில் ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அது.